மாப்பிள்ளை கீசர்

உத்தமபாளையத்தில் என் மாமனார் வீட்டில் எனக்கென்று ஒரு கீசர் இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, அந்த வீட்டில் அதன் பெயரே மாப்பிள்ளை கீசர்தான். நிக்காஹ் முடிந்து நான் விருந்துக்குப் போவதற்கு முந்தின நாள் அவசரமாக வாங்கிவந்து, கீழ் அறையோடு சேர்ந்த குளியலறையில் மாட்டினார்கள். வேறு யாரும் அதில் குளித்ததில்லை. மாமா வாழைக்காய் மண்டியிலிருந்து வந்ததும் கொல்லைக் குழாயடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். மாமி அடுப்பில் ஒரு சட்டி வெந்நீர் வைத்துக்கொள்வார். கீசர் எனக்காகக் காத்திருக்கும். இரண்டு பெருநாள், சொந்தத்தில் ஒரு கல்யாணம், ஒரு மவுத்து என்று வருஷத்துக்கு ஐந்தாறு தடவை நான் தேனியிலிருந்து பஸ் ஏறிப் போவேன். மற்ற நாளெல்லாம் அதற்குள் பழைய தண்ணீர் கிடந்து ஊறும்.

நான் ஜவுளிக்கடைக்காரன். ஒரு சட்டைத்துணி வாங்குகிறவரிடம்கூட இதை எப்படித் துவைக்க வேண்டும், நிழலில் காயப்போட வேண்டுமா வெயிலிலா என்று சொல்லாமல் அனுப்பமாட்டேன். அப்பேர்ப்பட்டவன், ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கீசரை யாராவது கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. மாப்பிள்ளை அதையெல்லாம் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

நான் போகிற நாளில் சாயந்தரம் அஸர் பாங்கு சொன்னதும் ஸ்விட்சைப் போட்டுவிடுவார்கள். நான் போய்ச் சேருவது இரவு இஷா தொழுகைக்குப் பிறகு. நடுவில் யாரும் அணைக்கமாட்டார்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு கடைசி எல்லையில் நிற்கும். வெதுவெதுப்பாக வந்தால் மாப்பிள்ளையை மட்டமாக நடத்தியதுபோல ஆகிவிடுமாம். அந்தத் தண்ணீரில் கோழியை முக்கி எடுத்தால் இறகு தன்னால் கழன்றுவிடும். நான் அதில் கால் வாளி பிடித்து, முக்கால் வாளி பச்சைத் தண்ணீரைக் கலந்து குளித்துவிட்டு வருவேன். வெளியே மாமா நிற்பார்.

"தண்ணி சூடு போதுமா மாப்ள?"

"நல்லா இருந்துச்சு மாமா."

அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். என் முகத்திலும் வந்திருக்கும். இன்றைக்கு இவ்வளவு ஏளனமாக எழுதுகிறேனே, அன்றைக்கு அந்த மரியாதை எனக்கு இனித்தது. எனக்காக நான்கு மணி நேரம் கரண்டு எரிகிறது என்பதில் ஒரு சுகம் இருந்தது. வெட்கம் கெட்ட சுகம்.

கீசரைப் புதிதாகவே வைத்திருக்க அந்த வீட்டில் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பாலிதீன் தாளைக் கடைசிவரை கழற்றவே இல்லை. சூட்டில் அது சுருங்கி உடம்போடு ஒட்டிப்போய், வேனல் கட்டி வந்து தோல் உரிந்ததுபோல இருந்தது. அதற்கு மேல் மாமி ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார், ரோஸ் நிற சாட்டினில், கீழே சுருக்கம் வைத்து. துணி என் கடைத் துணிதான். மாதத்துக்கு ஒரு முறை உறையைத் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டுவார். உறைக்குள் இருந்த இயந்திரத்தை ஒருவரும் தொட்டதில்லை. வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்கள். "மாப்பிள்ளைக்கு வாங்குனது. இன்னும் கவர்கூடப் பிரிக்கல, பாருங்க." வந்தவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு மெச்சிப் போவார்கள். கிணற்று நீரும் போர் தண்ணீரும் உப்பாகிப்போன தெரு அது. குடத்தில் ஒரு வாரம் தண்ணீர் வைத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை படியும். அதே தண்ணீர்தான் கீசருக்குள்ளும் போகிறது என்ற யோசனை மெச்சியவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்தது சொட்டு. கீசருக்குக் கீழே, பச்சைத் தண்ணீர் உள்ளே போகிற குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை வால்வு இருக்கும். தண்ணீர் சூடானால் பெருக்கும். பெருத்த தண்ணீர் போக வழி வேண்டும். அந்த வழிதான் அது. சூடேறும்போது நாலு சொட்டு விழுந்தால் கீசர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு இப்போது தெரியும். மாமாவுக்கு வேறொன்று தெரிந்திருந்தது.

"சொட்டிக்கிட்டே இருக்குற வீட்டுல பரக்கத்து நிக்காது மாப்ள."

அந்த வீட்டில் ஒரு குழாய் சொட்டாது. சொட்ட விடமாட்டார். கொல்லைக் குழாயில் சைக்கிள் டியூப், சமையலறையில் நூல், மேல்தொட்டியில் தார். அல்லா தருகிற செழிப்பு, அந்தப் பரக்கத்து, எந்தப் பக்கமாகவும் ஒழுகிப்போகாதபடி எல்லா ஓட்டையையும் அடைத்து வைத்திருந்தார். மாப்பிள்ளை கீசரை மட்டும் விட்டுவைப்பாரா? முதலில் வால்வின் வாயில் துணி கட்டினார். துணி நனைந்தது. பிறகு ஓட்டை அடைக்கிற எம்சீல் பசையை உருட்டிப் பிசைந்து அப்பி, விரலால் வழித்து, மேலே வெள்ளை பெயிண்டும் அடித்துவிட்டார். சொட்டு நின்றது. "பாத்தீகளா? பிளம்பர் கூப்புட்டா இதுக்கு நாலு பொருள வாங்கச் சொல்லுவான்" என்று என்னிடம் காட்டினார். நான் "சுத்தமா நின்னுருச்சு மாமா" என்று பாராட்டினேன். மூடியை இறுக்கிக் கட்டிவிட்ட பானையை அடுப்பில் வைத்ததற்கு நான் சொன்ன பாராட்டு அது.

இதெல்லாம் நான் மட்டும் குளித்துக்கொண்டிருந்தவரை சிரிப்பு. போன வருஷம் என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நாற்பது நாள் முடிகிறவரை இருப்பதற்கு அந்தக் கீழ் அறையை ஒதுக்கினார்கள். ஆறு வருஷமாக எனக்காக விரதம் இருந்த கீசர் இப்போது காலையிலிருந்து இரவுவரை ஓட ஆரம்பித்தது. தையல் போட்ட உடம்போடு என் மனைவி, பிறந்து சில நாளே ஆன என் மகள், இருவரும் குளிக்கிற தண்ணீர் அதிலிருந்துதான் வந்தது.

பிள்ளையைக் குளிப்பாட்ட இரண்டு தெரு தள்ளியிருந்து ஒரு அக்கா வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் காலில் கிடந்து குளித்தவர்கள்தான். குளியலறைத் தரையில் சின்ன மணைப்பலகை போட்டு உட்காருவார், இரண்டு காலையும் நீட்டிப் பிள்ளையைக் காலின் மேல் கிடத்துவார், எண்ணெய் தடவி, மூக்கை நீவி, வாளியிலிருந்து முகந்து ஊற்றுவார். வாளி குழாய்க்கு அடியில் இருக்கும். சூடு குறைந்தால் குழாயைத் திறப்பார், கூடினால் மூடுவார். பிள்ளை கத்திக் கத்தி ஓய்ந்து தூங்கிவிடும். முதல் இரண்டு வாரம் என் மனைவிக்கும் அவரே வாளியில் தண்ணீர் கலந்து வைத்துவிட்டுப் போவார்.

நான் வியாழக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டுப் போவேன். வெள்ளி கடை விடுமுறை. சனிக்கிழமை காலை திரும்புவேன். பிள்ளை பிறந்த இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலையில், ஜும்ஆவுக்குக் குளிக்கப் போனேன். கீசர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் காலோடு நின்று குழாயைத் தொட்டேன். சுருக்கென்று முழங்கைவரை ஏறியது.

கையை உதறிக்கொண்டேன். மறுபடி ஒரு விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தேன். மறுபடி ஏறியது. சந்தேகமே இல்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, மறுபடி ஸ்விட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"சூடு போதுமா மாப்ள?"

"நல்லா இருந்துச்சு மாமா."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதைப் புரிந்துகொள்ள எங்கள் சொந்தத்தில் ஃபேன் மாப்பிள்ளை என்று ஒருவர் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் சின்னம்மா மகளைக் கட்டியவர். கம்பத்துக்காரர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் படுத்து எழுந்தவர், "ஃபேன்ல லேசா சத்தம் வருது" என்று ஒரு வார்த்தை சொன்னார். சாயந்தரத்துக்குள் புது ஃபேன் வந்து மாட்டியாயிற்று. அதோடு முடியவில்லை. அவர் ஃபேன் கேட்டு வாங்கினார் என்று ஆகிவிட்டது. அவருக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் ஃபேன் மாப்பிள்ளைதான். கல்யாண வீட்டில் அவர் வந்து உட்கார்ந்தால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு மேலே பார்ப்பார்கள்.

நானோ, நகை வேண்டாம், வண்டி வேண்டாம், ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லிக் கல்யாணம் செய்தவன். எனக்கு ஊரில் 'கேக்காத மாப்பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயரை நான் மடிப்புக் கலையாமல் ஆறு வருஷமாக வைத்திருந்தேன். கீசரில் கரண்டு அடிக்கிறது என்று நான் வாய் திறந்தால், புதுக் கீசர் கேட்கிறான் என்று ஆகும். கீசர் மாப்பிள்ளை என்று ஆகும். என் பெண்டாட்டியும் பிள்ளையும் அந்தத் தண்ணீரில் குளிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, என் பெயரை இந்தப் பக்கம் வைத்து, அந்தப் பக்கம் அவர்களை வைத்து, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் யோசித்தேன். யோசிக்க இதில் என்ன இருந்தது?

சனிக்கிழமை காலை கிளம்பும்போது ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் எப்படி? "கீசர் நாள் பூரா ஓடுது மாமா, கரண்டு பில் ஏறுமே. ஒரு ஆள விட்டு சர்வீஸ் பண்ணுனா சீக்கிரம் சூடாகும்ல?"

மாமா முகம் சுண்டிப்போனது. "பில்லு எங்க வீட்டுக்குத்தான மாப்ள வருது? எம் மகளுக்கும் பேத்திக்கும் ஓடுறதுக்கு நான் கணக்குப் பாப்பனா?"

"அதுக்குச் சொல்லல மாமா."

அவ்வளவுதான் என் வீரம். அடுத்த வாரம் நான் போனபோது கீசருக்கு சர்வீஸ் ஆகியிருந்தது. அதாவது மாமி பழைய உறையை எடுத்துவிட்டு நீல நிறத்தில் புதிதாக ஒன்று தைத்துப் போட்டிருந்தார்.

ஆனால் அந்த வாரம் நான் வெறும் கையோடு போகவில்லை. தேனி பஜாரில் கனமான ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் போயிருந்தேன். குளியலறையில் போட்டுக்கொள்ள, என் மனைவிக்கு. "தரை வழுக்குது, போட்டுக்கிட்டே குளி, கழட்டிறாத" என்றேன். அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! "பாருங்கம்மா, நான் வழுக்கி விழுந்துறக் கூடாதுன்னு வாங்கிட்டு வந்துருக்காக" என்று மாமியிடம் காட்டினாள். மாமி அதைப் பக்கத்து வீட்டில் சொன்னார். கேட்காத மாப்பிள்ளையான நான் இப்போது அக்கறையுள்ள மாப்பிள்ளையும் ஆகிவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் காரியத்தை முடித்துவிட்டதாக என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். செருப்பு போட்டவளுக்குக் கரண்டு உறைக்காது, சரி. செருப்பு போடாமல் ஈரத்தரையில் உட்கார்ந்து, காலில் என் மகளைக் கிடத்திக்கொண்டு அந்தக் குழாயைத் திறந்து மூடுகிற ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. குளிப்பாட்டுகிற பெண்ணைப் பற்றி மாப்பிள்ளைகள் யோசிப்பதில்லை.

பிள்ளை பிறந்த இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. நான் கூடத்தில் உட்கார்ந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து அந்த அக்கா "யா அல்லா" என்று கத்தினார். அடுத்த நொடி மக் தரையில் விழுந்து உருளும் சத்தம். அப்புறம் பிள்ளையின் அழுகை. வழக்கமான குளியல் அழுகை இல்லை அது.

ஓடிப் பார்த்தால் அக்கா தரையில் சாய்ந்து கிடந்தார். குழாயை மூடக் கை வைத்ததும் கரண்டு தூக்கியடித்து, கால் உதறி, காலில் கிடந்த பிள்ளை எண்ணெய் வழுக்கலில் பக்கவாட்டில் சரிந்து மணைப்பலகையின் விளிம்பில் நெற்றி பட்டிருக்கிறது. நல்ல வேளையாக முழங்கையை ஊன்றித் தடுத்திருந்தார். இல்லையென்றால் தரையில் தலை போய் அடித்திருக்கும். நான் கையெட்டி ஸ்விட்சை அணைத்தேன். பிள்ளையைத் தூக்கியபோது இடது புருவத்துக்கு மேல் கோலிக்குண்டு அளவுக்கு வீங்க ஆரம்பித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஒரு நாள் முழுக்கக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுத்தால் உடனே தூக்கி வாருங்கள் என்றார் டாக்டர். எப்படி விழுந்தது என்று கேட்டதற்கு மாமா, "குளிப்பாட்டுற பொம்பள கை தவறிருச்சு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் அந்த அக்கா கூடத்து மூலையில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து மற்றக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு என்னம்மா சொன்னாக?" என்று எழுந்தார்.

மாமிக்கு அடக்கிவைத்திருந்த பயமெல்லாம் கோபமாக வந்தது. "வயசாயிருச்சு, கை நடுங்குதுன்னா சொல்லிறணும்லத்தா? பச்சப் பிள்ள!"

"நடுங்கலம்மா. கரண்டு அடிச்சுச்சு. பத்து நாளாவே லேசாக் கடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நான் கைதான் மரத்துப்போச்சோன்னு இருந்தேன். இன்னைக்கித் தூக்கிப் போட்ருச்சு."

"கரண்டா? எங்க யாருக்கும் அடிக்கலியே. எம் மக தெனம் குளிக்குது. இந்தா, மாப்பிள்ளையும் அங்கனதான குளிக்கிறாக, அவுகளுக்கு அடிச்சிருந்தாச் சொல்லமாட்டாகளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா, மாமி, வாசலில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து நின்ற என் மனைவி, அந்த அக்கா. அவர் கண்ணில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ஆம் என்று ஒரு சொல் போதும்.

"எதுக்கும் ஒரு ஆள வரச் சொல்லிப் பாத்துருவோம்" என்றேன்.

என்ன நடுநிலை! என்ன பெருந்தன்மை! அக்கா சேலைத் தலைப்பைப் பிழிந்து இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டார். மாமி அவரை மறுநாள் வரச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. சின்னமனூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். குமுளிப் பக்கம் ரிசார்ட்களில் வேலை பார்த்தவர், எல்லாப் பொருளையும் மலையாளத்தில் மாதிரி 'சாதனம்' என்றே சொன்னார். உறையைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பாலிதீனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஸ்விட்சைப் போட்டு, குழாயில் டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது. பிறகு மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். எர்த்துக்கான துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பழைய வீடு, இரண்டு ஒயர்தான் இழுத்திருக்கிறார்கள். துளை மட்டும் அழகுக்கு இருந்தது.

மெயினை அணைத்துத் தண்ணீரை வடித்துக் கீழ்மூடியைக் கழற்றினார். முதலில் ஒரு கை நிறைய வெள்ளைக் கட்டிகள் கொட்டின. உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு கரும்பு மொத்தத்துக்குப் படிந்திருந்தது.

"இம்புட்டுத் தோலச் சூடாக்கித்தான் தண்ணி சூடாகணும். அதான் மணிக்கணக்கா ஓடிருக்கு. நாள் பூரா ஓடவும் காயில் வெடிச்சுப்போச்சு. கரண்டு நேரா தண்ணியிலதான் எறங்குது." ஒரு துருப்பிடித்த கம்பியை எடுத்து நீட்டினார். "இது மெக்னீசியம் ராடு. தண்ணி டாங்கை அரிக்காம இது கரைஞ்சு காப்பாத்தணும். கரைஞ்சு வெறுங்கம்பி ஆகி எத்தன வருஷமோ. வருஷத்துக்கு ஒருக்கா தெறந்து பாத்திருந்தா அரை மணி நேர வேலை."

கடைசியாக வால்வைப் பார்த்தார். பெயிண்டை நகத்தால் சுரண்டி, எம்சீலைத் தட்டினார். முகம் மாறியது.

"இத யாரு அடச்சது?"

"சொட்டிக்கிட்டே இருந்துச்சுப்பா. பரக்கத்து..." என்று மாமா ஆரம்பித்தார்.

"பெரியவரே, சூட்டக் கடேசில வச்சு, இதையும் அடச்சு, நாள் பூரா ஓட்டிருக்கீக. சூடு ஏறுனதும் தானா நிறுத்துற அந்த ஆட்டோ கட் சாதனம் மட்டும் ஒரு நாள் மக்கர் பண்ணிருந்தா இந்தச் செவுரு இருந்திருக்காது."

மாமா சுவரைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டில் கட்டியிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் செய்தார். எனக்கு அந்த வசதிகூட இல்லை.

புதுச் சாமான் வாங்கி, எர்த் இழுத்து, கரண்டு கசிந்தால் தானே அணைகிற ஸ்விட்சும் வைத்துத்தான் மாட்டித் தருவேன், அதுவரை இந்தப் பக்கம் யாரும் போகவேண்டாம், மாட்டின பிறகும் சூடானதும் அணைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் பையைக் கட்டினார். என் மனைவி அவரிடம், "எனக்கு மட்டும் ஏண்ணே அடிக்கவே இல்ல?" என்று கேட்டாள்.

அவர் குளியலறை வாசலைப் பார்த்தார். "ரப்பர் செருப்பு போட்டுக் குளிச்சிருக்கீகள்லம்மா, அதான். யாரோ வெவரந் தெரிஞ்சவுக வாங்கிக் குடுத்துருக்காக."

அவள் உடனே திரும்பவில்லை. மெக்கானிக் வண்டி தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றாள். பிறகு அறைக்குள் வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, என்னிடம் கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்பருந்து தெரியும்?"

"ரெண்டு வாரமா."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஃபேன் மாப்பிள்ளை கதையைக்கூடச் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவே இல்லை. நெற்றி வீங்கிய பிள்ளையைத் தொட்டிலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, வாசலில் இறங்கினாள். மாமி பதறிப்போனார். நாற்பது முடியாமல் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டுவதை அந்தத் தெரு பார்த்ததே இல்லை. "எங்கன போறவ? அடியே, கேக்குறேன்ல, பச்ச ஒடம்போட எங்கன போற?" அவள் நடந்துகொண்டே இருந்தாள். நான் பின்னாலேயே போனேன். இரண்டு தெருவும் தலைகள் எட்டிப் பார்த்தன.

அந்த அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார். முழங்கையில் பெரிய கன்றல் கருநீலமாகத் தெரிந்தது. பிள்ளையைத் தடுக்க ஊன்றிய கை.

"என்னத்தா இது, நாப்பது கழியாம? நான் வந்திருக்க மாட்டனா?"

என் மனைவி நின்றபடியே சொன்னாள். "அக்கா, கரண்டுதான் அடிச்சுச்சு. ஒங்க கை தவறல. எங்க வீட்டுல சொன்னது தப்பு. இவுகளுக்கு ரெண்டு வாரமாத் தெரியும். தெரிஞ்சே வாயத் தெறக்கல. அன்னைக்கி ஒங்களக் கூடத்துல வச்சுக் கேட்டப்பக்கூடச் சொல்லல."

அக்கா பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். நெற்றி வீக்கத்தைக் கட்டைவிரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்றுகூட இருந்தது. அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்து, எனக்காகப் பரிந்து பேசினார்.

"அவுகள ஏத்தா வையிற? அவுக என்ன செய்வாக, பாவம். மாப்பிள்ளைல்ல."

அவர் அதை நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை.